கருவாட்டுத் தொழிலுக்கு 35 சதவீத மானியம்: பணம் கையில் வருமா?

நாகப்பட்டினம் பக்கம் எங்கள் அத்தை வீட்டில் கருவாடு போடுவதுதான் பிழைப்பு. மாமா படகில் போவார், அத்தை ஏலத்தில் கூடுதலாக மீன் எடுத்து, கழுவி, உப்புப் போட்டு, காய வைத்து, வியாபாரிக்குக் கொடுப்பார். இப்போது மருமகள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடிக்கிறாள். கோயம்புத்தூர், பெங்களூரு என்று பார்சல் போகிறது. யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் அத்தை என்னிடம் கேட்டார்: "பத்து லட்சம் மானியம் தர்றாங்களாமே, எங்க போய் வாங்கணும்?"

அந்தத் திட்டம் இருக்கிறது. ஆனால் "போய் வாங்குவது" என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

திட்டத்தின் பெயர் பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம். சுருக்கமாக பிஎம்எஃப்எம்இ. 2020 ஜூனில் ரூ.10,000 கோடி ஒதுக்கீட்டில் ஐந்து ஆண்டுத் திட்டமாகத் தொடங்கி, பிறகு 2025-26 வரை நீட்டித்தார்கள். செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. அதனால் எந்த வேலையும் தொடங்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இந்த நிதியாண்டிலும் திட்டம் தொடர்ந்து, நம் மாவட்டத்துக்கு இலக்கு, அதாவது இத்தனை பேருக்கு என்ற ஒதுக்கீடு, மீதம் இருக்கிறதா? இல்லை என்றால் மற்ற காகிதங்களுக்காக அலைய வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு ரூ.10 லட்சம். உங்கள் கைப்பணம் குறைந்தது 10 சதவீதம். மீதி வங்கிக் கடன். ரூ.8 லட்சத்துக்கு ஒரு சூரிய உலர்த்தி, சிறு கொட்டகை, பொட்டல இயந்திரம், எடைத் தராசு, ஒரு குளிர்பெட்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் போடுவது ரூ.80,000. வங்கி கொடுப்பது ரூ.7.2 லட்சம். மானியம் ரூ.2.8 லட்சம்.

இந்த ரூ.2.8 லட்சம் அத்தை கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே தனிக் கணக்கில் போய் உட்காரும். கடனின் கடைசித் தவணைத் தொகை உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்ப்பார்கள். தொழில் நடக்கிறது, கடனும் ஒழுங்காகப் போகிறது என்றால் அந்தப் பணத்தைக் கடனில் வரவு வைப்பார்கள். இடையில் கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் வங்கி அதைத் தன் பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளியும். வட்டி 11 சதவீதம், ஐந்து ஆண்டுக் கடன் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.15,650. மூன்று ஆண்டு கட்டி முடிக்கும்போது பாக்கி சுமார் ரூ.3.36 லட்சம் நிற்கும். அப்போது மானியம் இறங்கினால் மிச்சம் ரூ.56,000 சொச்சம்தான். நாலே தவணையில் கடன் தீர்ந்துவிடும். ஆக, இந்த மானியத்தின் பலன் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகுதான். முதல் 36 மாதம் முழுக் கடனையும் சுமக்கத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் முதலில் யோசிக்க வேண்டியது. மானியத் தொகைக்கு ஈடான கடன் பகுதிக்கு இந்த மூன்று ஆண்டும் வட்டி எப்படிப் போடுவீர்கள் என்று வங்கியில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தவணை அதைப் பொறுத்து மாறும்.

திட்ட அறிக்கையில் கருவாட்டுக்காரர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வங்கி அதிகாரி அதைத்தான் வருமானம் இல்லாத காலம் என்று எழுதுவார். விசைப்படகு வைத்திருப்பவருக்கு அது சரி. கருவாட்டு வீட்டுக்குக் கதை தலைகீழ். பச்சை மீன் குறைந்து விலை ஏறும் அந்த இரண்டு மாதத்தில்தான் மாசி, பங்குனியில் காய வைத்து அடுக்கியது நல்ல விலைக்குப் போகும். எங்களுக்குக் கை முடங்குவது ஐப்பசி, கார்த்திகையில். வெயில் இருக்காது, களம் ஈரம், காற்றில் உப்பு பிசுபிசுக்கும். காயாத நெத்திலி இரண்டே நாளில் நாறிப் போகும். சூரிய உலர்த்தி வந்தால் மழைத்தூறலும் மணலும் ஈயும் அண்டாது, உண்மை. ஆனால் அடைமழையில் அதுவும் படுத்துவிடும். ஆகவே அறிக்கையில் மாதவாரியாக வரவு செலவைப் போட்டு, மழை மாதங்களில் தவணையைக் குறைத்து வைக்க முடியுமா என்று கடன் ஒப்புதலுக்கு முன்பே பேசுங்கள். ஒப்புதல் ஆன பிறகு பேசிப் பயனில்லை.

எதற்கெல்லாம் மானியம் கிடைக்காது என்பதையும் பார்த்துவிடலாம். நிலம் வாங்கும் செலவு கணக்கில் வராது. கட்டுமான வேலை மொத்தச் செலவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மீன் வாங்கும் பணம், அதாவது நடைமுறை மூலதனம், மானியத்துக்குள் வராது. ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டுக்கு மூன்று, நான்கு கிலோ பச்சை மீன் வேண்டும். ஏலத்தில் காசை எண்ணி வைத்தால்தான் கூடை நகரும். புது இயந்திரம் வாங்கிவிட்டு ஏலத்துக்குப் பணமில்லாமல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், அவர் சொல்லும் விலைக்குத்தான் சரக்கு போகும். பழைய கதைதான் மறுபடியும். இதற்கு முத்ரா கடனைத் தனியாகக் கேட்கலாம். வீட்டுப் பெண்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் இதே திட்டத்தில் உறுப்பினருக்கு ரூ.40,000 வரை தொடக்க நிதி உண்டு. அது நடைமுறைச் செலவுக்கும் சிறு கருவிகளுக்கும்தான். குழுக்களின் கூட்டமைப்பு வழியாகக் கடனாக வரும், திருப்பிக் கட்ட வேண்டும்.

யார் பெயரில் விண்ணப்பிப்பது? 18 வயது நிறைந்தவர் யாரும் போடலாம், ஆனால் குடும்பத்தில் ஒருவருக்குத்தான். குடும்பம் என்றால் விண்ணப்பதாரர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள். படகு மாமா பெயரில் இருக்கிறது என்பதற்காக அவர் பெயரில் போடும் வழக்கம் ஊரில் உண்டு. என் கருத்து, வேண்டாம். தொழில் செய்வது அத்தை. அவர் பெயரிலேயே உணவுப் பாதுகாப்புப் பதிவு, உதயம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். ஆதாரில் முன்னெழுத்து முன்னால், கணக்குப் புத்தகத்தில் பின்னால் என்று இருந்தால் அதற்கே ஒரு மாதம் போகும்.

"நாங்க மீனவங்கதானே, எங்களுக்கு எதுக்கு இந்தப் பதிவெல்லாம்?" என்று மாமா கேட்டார். பாதி நியாயம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 18(3), மீனவரையும் அவரது மீன்பிடி வேலையையும் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. மாமா பிடித்து வந்து கரையில் விற்பது வரை அது காக்கும். அத்தை அதை உப்பிட்டு உலர்த்திப் பொட்டலம் கட்டியதும் உணவுத் தொழில் ஆகிவிடுகிறது. அங்கே 14 இலக்கப் பதிவு எண் வேண்டும். உதயம் பதிவிலும் இதே பிரிவினைதான். மீன்பிடித்தல் என்று போடாதீர்கள், அது அந்தப் பதிவுக்குள் வராது. 10201 என்ற தொழில் குறியீட்டைத் தேடுங்கள். அதன் பொருளே "வெயிலில் மீன் உலர்த்துதல்". அரசாங்கப் பட்டியலில் நம் களத்துக்கு இப்படி ஒரு எண் இருப்பது அத்தைக்கு ரொம்பப் பிடித்துப் போனது. உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

அடுத்தது இடம், இதில்தான் பலர் நின்றுபோகிறார்கள். கடற்கரையில் காய வைக்கும் களம் பெரும்பாலும் புறம்போக்கு. பாட்டி காலத்திலிருந்து காய வைக்கிறோம் என்பது ஊருக்குத் தெரியும், வங்கிக்குப் பட்டாவோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவ சமூகத்துக்கான மீன் உலர்த்தும் களங்களை அனுமதிக்கிறது. அது உங்கள் பெயருக்குப் பாத்தியதை தராது. எளிய வழி, ஊருக்குள் பட்டா இடத்தில் ஒரு கொட்டகையை ஒப்பந்தம் எழுதி வாடகைக்கு எடுப்பது. திட்டம் அதை ஏற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் மணம் பற்றி முன்பே பேசிவிடுங்கள். சிரிக்காதீர்கள், புகார் மனு அங்கிருந்துதான் வரும்.

அடமானம் பற்றி: குறு, சிறு தொழிலுக்கு ரூ.7.2 லட்சம் போன்ற கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளையில் வாய்மொழியாகக் கேட்டால், எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்பம் இணையத்தில்தான். அதை நிரப்பவும் திட்ட அறிக்கை தயாரிக்கவும் வங்கிக்குக் கூட வரவும் மாவட்ட வள அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். உங்கள் கடன் ஒப்புதலானால் அவருக்கு அரசே ஊதியம் தருகிறது, நீங்கள் தர வேண்டியதில்லை. இது தெரியாமல் எங்கள் உறவில் ஒருவர், அறிக்கை எழுதித் தருகிறேன் என்று வந்த தரகரிடம் ரூ.15,000 கொடுத்தார். அந்த அறிக்கையில் முறுக்குத் தொழிலின் மின்செலவு அப்படியே இருந்தது.

வரிக்கு ஒரு வார்த்தை. கருவாட்டைத் தராசில் போட்டு உதிரியாக விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால் 5 சதவீதம், 2022 ஜூலை 18 முதல். மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் ஆண்டுக்கு ரூ.40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. மருமகளின் பெங்களூரு பார்சல் வேறு. லேபிள் ஒட்டிய பொட்டலம் மாநில எல்லையைத் தாண்டினால் விற்றுமுதல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பதிவு வேண்டும். லேபிளில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, விலை, தயாரித்த நாள், எதுவரை உண்ணலாம், தயாரிப்பவர் முகவரி, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் எல்லாம் இருக்க வேண்டும்.

பொட்டல இயந்திரத்துக்கு விலைப்பட்டியல் வாங்கப் போகும்போது கையோடு அரைக் கிலோ காரல் கருவாடு எடுத்துப் போங்கள். நெத்திலியை எந்த இயந்திரமும் அழகாகக் கட்டும். காரல் முள் காற்றை உறிஞ்சும்போதே உறையைக் குத்திவிடும், இரண்டு நாளில் பொட்டலம் உப்பி நிற்கும். அத்தை மூன்று கடையில் கட்டிப் பார்த்து, தடித்த உறை போடும் இயந்திரமாக ஒன்றைத் தேர்ந்திருக்கிறார். விலைப்பட்டியல் வந்துவிட்டது, வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் வாங்க வேண்டும்.