திறந்த பல்கலைக்கழக ஒன்லைன் விண்ணப்பம்: தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே வெட்டுப்படுகிறார்கள்

உயர்தரம் சரிவரவில்லை என்றால் படிப்பு முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் பாடநெறி வழியாகவும் பட்டப்படிப்புக்குள் போகலாம். முன்பு அச்சிட்ட பாடப் புத்தகம்தான் எல்லாம். இப்போது விண்ணப்பம், ஒப்படை, அறிவித்தல் என்று பெரும்பகுதி கணினிக்குள் போய்விட்டது. மலையகத்தில் ஆட்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான்.

முதல் பொறி பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று, சாதாரண தரப் பெறுபேற்றில் மூன்றாவது. இது பதிந்தவர்களின் கவனக்குறைவு, அலைவது மட்டும் பிள்ளை. விண்ணப்ப அறிவித்தல் வரும்வரை காத்திருக்காமல் மூன்றையும் இன்றே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். கிராம சேவகர், தோட்ட ஆபீஸ், செயலகம் என்று மாறி மாறி அனுப்புவார்கள். எந்தக் கடதாசி குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லி வாங்காமல் கௌண்டரை விட்டு நகராதீர்கள்.

இரண்டாவது, ஒன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் கொமினிகேசன் கடை. அவசரத்தில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையும் தன் போன் இலக்கத்தையும் போட்டுவிடுவார். பிறகு பாஸ்வேர்ட், தெரிவுப் பரீட்சைத் திகதி எல்லாம் அவருக்குத்தான் போகும். சட்டமாணிக்கு (சட்டப் பட்டப்படிப்புக்கு) விண்ணப்பம் மட்டும் போதாது, தெரிவுப் பரீட்சையும் உண்டு. அந்தத் தகவலைத் தவறவிட்டால் அந்த வருடம் போய்விடும். ஆகவே உங்கள் பெயரில் மின்னஞ்சல் திறந்துகொண்டு கடைக்குப் போங்கள். லய முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசிலேயே கிடக்கலாம், அதை நம்பியிருக்க முடியாது.

இங்கே படிப்பு இலவசமல்ல. கட்டும் முன் தவணை வசதி உண்டா என்று கேளுங்கள். மொழியையும் பாருங்கள்: விஞ்ஞானமும் பொறியியலும் ஆங்கிலத்தில். மற்றப் பாடநெறிகளைத் தமிழில் படிக்கலாமா என்று சேரும் முன் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு வரும் பொறிதான் கொடியது. தொடர் மதிப்பீட்டில், அதாவது படிக்கும் காலத்தில் ஒப்படை போன்றவற்றுக்குக் கிடைக்கும் புள்ளிகளில், தேவையான அளவு இல்லையென்றால் இறுதிப் பரீட்சைக்கே தகுதி கிடையாது. ஒப்படைகள் மூடில் (Moodle) என்ற ஒன்லைன் கற்றல் தளத்தில் ஏறுகின்றன. கோப்பை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று பலர் போனை மூடிவிடுகிறார்கள். அது வெறும் வரைவாக நின்றிருக்கலாம். கடைசிச் சமர்ப்பிப்புப் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்தி, சமர்ப்பிக்கப்பட்டதாகக் காட்டும் பக்கத்தைத் திகதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பக்கம் பக்கமாகப் படம் அனுப்பாமல் ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். மழை பெய்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும். கடைசி நாளின் இரவை நம்பாமல் இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றிவிடுங்கள். பாடக் கோப்புகளை டவுணுக்கு வரும்போது மொத்தமாக இறக்கி வையுங்கள்.

இறுதிப் பரீட்சைக்கான தகுதிப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் அந்த ஸ்கிரீன்ஷொட்டை இணைத்து, கண்டி, பதுளை, ஹட்டன் போன்ற பல்கலைக்கழக நிலையங்களில் நீங்கள் பதிந்த இடத்துக்கு உடனே எழுத்தில் முறையிடுங்கள். போனில் “பார்க்கிறோம்” என்று சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.