மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள்

போன சித்திரையில் கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பேரன் பத்தாவது பரீட்சை எழுதி முடித்தவன். செல்போனில் ஒரு மவுண்டன் பைக் படத்தைக் காட்டினான். விலை 42,000 ரூபாய். ஆச்சி என்னைப் பார்த்து, “ஏப்பா, இது சைக்கிளா பசுமாடா? இந்தக் காசுக்கு ஒரு பால்மாடு கண்ணுக்குட்டியோட வந்துருமே” என்றார். “ஆயா, கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்று பையன் முனகினான்.

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் காரைக்குடியில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அப்பா காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடை அது. புது சைக்கிள் விற்பதில்லை என்பதால் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் எனக்கு லாப நட்டம் கிடையாது. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதையும் நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இவ்வளவு விலை கொடுத்து மவுண்டன் பைக் வாங்கலாமா என்று வாரத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள்.

இந்தச் சைக்கிள் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1970-களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், சில இளவட்டங்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மேலிருந்து மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக் அவற்றில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். 1976-ல் அந்தப் பாதையில் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்றே பெயர்; திரும்ப அடைப்பது என்று அர்த்தம். கிரீஸ் அடைக்கிற வேலைக்குக் கிடைத்த இந்த மரியாதையில் ஒரு மெக்கானிக்காக எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு. ஜோ பிரீஸ், டாம் ரிட்சி போன்றவர்கள் இதற்கென்றே ஃபிரேம் கட்ட ஆரம்பித்தார்கள். 1981-ல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மாடல் கடைகளுக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் ஓட்டுவது ஒரு போட்டியாகவும் ஆகிவிட்டது.

ஆக, தடித்த டயர், முன்னால் ஷாக், அகலமான ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக் என்று நாம் காசு கொடுத்து வாங்குகிற அத்தனையும் கல்லும் வேரும் கிடக்கிற மலைச் சரிவில் விழாமல் இறங்குவதற்காகச் சேர்ந்தவை.

நம் ஊரில் மலை எங்கே இருக்கிறது? குன்றக்குடியில் முருகன் குடியிருக்கிற குன்று. கொஞ்சம் தள்ளிப் போனால் சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். அங்கேயும் நடந்துதான் ஏற வேண்டும். மற்றபடி செட்டிநாடு என்பது செம்மண், சரளை, கண்மாய்க் கரை, தைலமரக் காட்டு வண்டித்தடம். ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான்.

எடை குறைந்த சைக்கிள் என்று சொல்லித்தான் விலையை ஏற்றுகிறார்கள். 70 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், மொத்தம் 85 கிலோ. இன்னும் இருபதாயிரம் கூடப் போட்டு மூன்று கிலோ குறைத்தால், மிதிக்கிற பாரத்தில் நூற்றுக்கு மூன்றரைதான் குறைகிறது. மலை ஏறுகிறவருக்கு அது பெரிய விஷயம். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் போகிறவருக்கு எதிர்க்காற்றும் டயரும்தான் ஆளைத் தள்ளும். முள்ளு முள்ளாகப் பட்டை வைத்த டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் தேனீக்கூடு மாதிரி ஒரு சத்தம் வரும். அது உங்கள் தெம்பு வீணாகிற சத்தம்.

கீர் கதையும் அப்படித்தான். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. பல ஜோடிகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட சமம். ஓவராயிலுக்கு வருகிற கீர் சைக்கிளின் பற்களைத் துடைத்துப் பார்த்தாலே ஓட்டியவரின் ஜாதகம் தெரிந்துவிடும். முன்னால் நடுச்சக்கரம், பின்னால் மூன்றோ நாலோ மட்டும் தேய்ந்திருக்கும். மற்றதெல்லாம் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருக்கும்.

அதற்காக விலை அதிகமானதெல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. என் கடைக்கு வருவதில் ஆகப் பெரிய நட்டம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி அறுபதாயிரம் ரூபாய் சைக்கிள் மாதிரி தோற்றம் காட்டுகிறவைதான். முன்னால் ஒரு ஷாக், சீட்டுக்குக் கீழே இன்னொன்று, இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், பெயின்ட் கண்ணைப் பறிக்கும். அந்த முன் ஷாக்கைப் பிரித்தால் ஒரு ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக் புஷ்ஷும்தான் இருக்கும். அமுங்கிய ஸ்பிரிங்கை நிதானமாகத் திரும்பவிடுகிற ஆயில் அமைப்பு கிடையாது, ஆகவே குழிக்குள் இறங்கி வெளியே வரும்போது கையை உதறிவிடும். ஐப்பசி மழையில் இரண்டு வருஷம் நனைந்தால் துருவேறி அப்படியே இறுகிப்போகும். அப்புறம் அது இரண்டு கிலோவுக்கு மேல் கனமான வெறும் இரும்பு. பின் ஷாக்கோ ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கிக் கொடுக்கும். செயினுக்குப் போக வேண்டிய மிதியில் ஒரு பங்கை அது சாப்பிட்டுவிடும். இந்த வகையில் சிலவற்றின் ஃபிரேமிலேயே கரடுமுரடான பாதைக்கு உகந்ததல்ல என்று சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்கியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு ஆபத்து, பெட்டியில் வருகிற சைக்கிள். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் முக்கால்வாசி பூட்டி வரும், மிச்சத்தை வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். போன வருஷம் ஒரு பையன் முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வந்தான். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். சக்கரம் உள்வாங்கியிருந்தது. வளைக்கும்போது கால்விரல் டயரில் இடித்து விழுந்திருக்கிறான். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் முன் டிஸ்க் உங்கள் இடது பக்கம் இருக்க வேண்டும். வலது பக்கம் தெரிந்தால் ஏறாதீர்கள். இடது பெடலின் மறை எதிர்ப்பக்கம் சுற்றுவது. அது தெரியாமல் ஸ்பானரால் முறுக்கினால் பெடல் மாட்டுகிற கிராங்க்கின் மறை போய்விடும். நம் ஊர் வழக்கப்படி வலக்கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு. சில வெளிநாட்டு சைக்கிள்களில் அது மாறியிருக்கும். அவசரத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை அழுத்தினால் தலைகுப்புறத்தான். பூட்டிக் கொடுக்க நான் வாங்குவது சில நூறு ரூபாய். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, உங்கள் தெரு மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிட்டு ஏறுங்கள்.

சரி, நம் மண்ணில் எதற்குக் காசு போடலாம்? இங்கே சைக்கிளுக்கு எதிரி சீமைக் கருவேல முள். கண்மாய்க்கரை ஓரமாக ஒரு மைல் போனால் போதும். ஐம்பதாயிரம் ரூபாய் டயரானாலும் ஐந்நூறு ரூபாய் டயரானாலும் அது பார்த்துக் குத்துவதில்லை. இதற்கு உருப்படியான வைத்தியம் டயருக்குள் ஊற்றுகிற சீலன்ட் திரவம். பார்க்க கள்ளிப்பால் மாதிரி இருக்கும். முள்ளைப் பிடுங்கினால் ஓட்டை வழியே கசிந்து, காற்றுப் பட்டு உறைந்து, தானே அடைத்துக்கொள்ளும். டியூப் இல்லாத டயருக்கென்று வந்தது. அதற்குத் தகுந்த ரிம்மும் டயரும் நடுத்தர விலைக்கு மேற்பட்ட சைக்கிள்களில்தான் வருகின்றன. சாதா டியூபிலும் வால்வின் உள்ளூசியைக் கழற்ற முடிந்தால் ஊற்றலாம், ஓரளவு வேலை செய்யும். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். ஷாக்குக்குக் கொடுக்கிற காசில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு. டயருக்குள் இருப்பதை யாருக்கும் காட்ட முடியாதல்லவா!

உயர்ந்த சைக்கிள்களில் வால்வு ஒல்லியாக இருக்கும். ஊர்க்கடைப் பம்பு அதில் பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கி சாவிக்கொத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இலுப்பைக்குடியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, டிஸ்க் பிரேக். செம்மண் சகதி ரிம்மில் அப்பிக்கொண்டால் ரப்பர் கட்டை பிடிக்காது, ரிம்மையும் அராவிவிடும். மழைக்காலத்திலும் மண்ரோட்டில் போகிறவருக்கு டிஸ்க் நல்லது. ஆனால் கேபிளில் இயங்குகிற டிஸ்க் போதும். ஆயில் பிரேக் பிடிப்பது வெண்ணெய் மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் என்ன ஆயில் என்று தெரிந்துதான் தொட வேண்டும். சில கம்பெனிக்கு மினரல் ஆயில், சிலதுக்கு மோட்டார் சைக்கிள் பிரேக்கில் ஊற்றுகிற டாட் ஆயில். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஆயிலை ஊற்றி, உள்ளே ரப்பர் ஊதிப்போய் வந்த சைக்கிள் ஒன்று இன்னும் என் கடைச் சுவரில் தொங்குகிறது. பார்ட்ஸ் வரவில்லை.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். இருவருமே நிறையச் செலவழித்தவர்கள். ஒருவர் அதிகாரி, 78,000 ரூபாய்க்கு வாங்கினார். மூன்று வருஷத்தில் 600 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். சைக்கிள் பெரும்பாலும் வளவில் சாய்ந்தே நின்றது. கேட்டால் முழங்கால் வலி என்றார். நான் பார்த்தவரை சீட் மூன்று விரற்கடை தாழ்வு. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் எளிய கணக்கு. சீட்டை உயர்த்தி வழவழ டயர் போட்டுக் கொடுத்தேன். இப்போது வாரம் இரண்டு நாள் போகிறார். இன்னொருவர் கோட்டையூர்ப் பக்கம் கல்லூரி ஆசிரியர், ஐம்பதைத் தாண்டியவர். 65,000 போட்டார். காற்று நிரப்புகிற ஷாக், ஆயில் பிரேக் எல்லாம் உண்டு. விடிகாலையில் தைலமரக் காட்டுத் தடத்தில் 25 கிலோமீட்டர், வாரத்துக்கு ஐந்து நாள். மூன்று வருஷத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். அதிகாரிக்கு 130 ரூபாய். ஆசிரியருக்குப் பழைய சைக்கிளில் மணிக்கட்டு மரத்துப்போகும், இப்போது இல்லை. அவருக்கு அந்த ஷாக் வேண்டியதுதான். தன் எடைக்கு ஏற்ப அதில் காற்று வைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டார்.

ஆசிரியர் சைக்கிள் நன்றாக இருப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. செயினை வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறார். பலர் செய்வது, சமையல் எண்ணெயோ பழைய என்ஜின் ஆயிலோ தாராளமாக ஊற்றுவது. நம் செம்மண் புழுதி அதில் ஒட்டி அரத்தூள் பசை மாதிரி ஆகிப் பற்களைத் தின்றுவிடும். சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும்.

ஆச்சியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பையனை நிற்க வைத்து ஃபிரேம் அளவு பார்த்தேன். வளர்கிற பிள்ளை என்று பெரியதாக வாங்க நினைத்தார், சட்டை தைக்கிற மாதிரி. வேண்டாம் என்றேன். அலாய் ஃபிரேம், ஷாக் இல்லாத நேர் ஃபோர்க், கேபிள் டிஸ்க், மெல்லிய பட்டை டயர் என்று எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. பேச்சுவாக்கில், பள்ளத்தூர்க்காரர்களான முருகப்பா குடும்பத்தார் 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் ஆலை தொடங்கியதை ஆச்சி பெருமையாகச் சொன்னார். “நம்மூர்க்காரவுக கம்பெனிதானே, கொஞ்சம் கொறைச்சுத் தரமாட்டாகளா?” என்றும் கேட்டார். பையன் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புரட்டாசியில் பஞ்சர் ஒட்ட வந்தான். பின் டயரில் நாலு முள். ஹேண்டில்பாரில் மீட்டர் மாட்டியிருந்தான். 1,900 கிலோமீட்டர் காட்டியது. திருமயம் கோட்டைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வருகிறானாம். செயின் நடுச்சக்கரத்தில் மட்டும் ஓடவில்லை, எல்லாப் பற்களிலும் கறை இருந்தது. அடுத்து கொல்லிமலை போகணும் அண்ணே என்றான். 70 கொண்டை ஊசி வளைவு, ஆனால் தார் ரோடு. இப்போதும் ஷாக் வேண்டியதில்லை. ஏற்றத்தில் லேசாக மிதிக்கப் பின்னால் 34 பல் உள்ள சக்கரமும் புதுப் பிரேக் பேடும் மதுரைக்குச் சொல்லியிருக்கிறேன். ஆயாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.