நிராமயா காப்பீட்டில் பல் பராமரிப்புக்கும் இடம் உண்டு

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று உள்ளவர்களுக்காக, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அறக்கட்டளை நிராமயா என்னும் மருத்துவக் காப்பீட்டை நடத்துகிறது. இதன்மூலம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவச் செலவைத் திரும்பப் பெறலாம். அறுவை சிகிச்சைக்கும் தெரபிக்கும் இதைப் பயன்படுத்தும் பெற்றோர்கூட, புறநோயாளிச் சிகிச்சைப் பிரிவில் பல் நோய்த் தடுப்புக்கென்று தனி ஒதுக்கீடு இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது.

இந்தப் பிள்ளைகளின் வாய்க்குக் கூடுதல் கவனிப்பு தேவை. வலிப்புக்காக ஃபெனிடாயின் என்னும் மருந்தைச் சாப்பிடுவோரில் பலருக்கு ஈறு தடித்து வளர்ந்து பற்களை மூடத் தொடங்கும். பிறவியிலேயே அமைந்து அறிவுசார் குறைபாட்டை உண்டாக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஈறு நோய் இளம் வயதிலேயே வரக்கூடும். இனிப்பான மருந்துச் சிரப்பைக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் உறங்கும் குழந்தைக்குப் பல் சொத்தையாகும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை சோற்றை ஒதுக்கினாலோ கன்னத்தில் அடித்துக்கொண்டாலோ அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறோம். சொத்தை முற்றிவிட்டால், நாற்காலியில் அசையாமல் உட்கார இயலாத பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்தே சிகிச்சை செய்ய நேரலாம்.

சேர்வதற்கு வயது வரம்போ முன் மருத்துவப் பரிசோதனையோ கிடையாது. மாற்றுத்திறனாளி சான்றிதழுடன், அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்கலாம். சேர்க்கைக் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். ஆண்டுதோறும் புதுப்பிப்பது கட்டாயம். புதுப்பிக்கத் தவறினால் அந்த ஆண்டுச் செலவைக் கோர முடியாது.

பணம் முதலில் நம் கையிலிருந்துதான் போகும். ஆகவே மருத்துவரின் சீட்டு, அசல் பில், பரிசோதனை அறிக்கை எதையும் தொலைக்காமல், சிகிச்சை முடிந்த 30 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கோரி விண்ணப்பித்துவிட வேண்டும். பல்லுக்கான ஒதுக்கீடு சிறியது, அதுவும் தடுப்புக்கானது என்பதால், வேர் சிகிச்சை போன்ற பெரிய செலவு அதில் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அரசு மருத்துவமனைக்குச் செல்வோருக்கு மற்றோர் உரிமையும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மருத்துவரைப் பார்ப்பதிலும் சிகிச்சையிலும் இவர்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்கிறது. கூட்டமும் இரைச்சலும் பொறுக்காத பிள்ளையை நெடுநேரம் வரிசையில் நிறுத்தாமல், பதிவுச் சீட்டு வாங்கும்போதே அடையாள அட்டையைக் காட்டி முன்னுரிமையைத் தயங்காமல் கேளுங்கள்.