நிலா இருட்டில் இல்லை

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் என் வாட்ஸாப்பில் வந்து விழும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கன்னங்கரேல் வானம், நடுவில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் பொட்டு. கூடவே, "சார், லென்ஸ் மாத்தணுமா?" என்ற கேள்வி.

லென்ஸில் குறை இல்லை. போன வாரம் வந்த படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். ஷட்டர், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், 1/15 நொடி; ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், 3200. ஆட்டோவில் விட்டால் கேமரா இப்படித்தான் செய்யும். ஃபிரேம் முழுக்கக் கறுப்பு வானம் என்பதால், இருட்டில் எதையோ எடுக்கிறோம் என்று அது கணக்குப் போட்டு, ஒளியை அளவுக்கு மேல் வாங்கிவிடுகிறது. ஆனால் நிலா இருட்டில் இல்லை, நல்ல வெயிலில் இருக்கிறது. நம் தார் ரோட்டில் அடிக்கும் அதே சூரியன்தான் அதன் மேலும் அடிக்கிறது. சொல்லப்போனால், அந்த மண்ணும் பழைய தார் ரோட்டைப்போலக் கருத்ததுதான். விழும் ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது.

ஆகவே பகல் வெயிலுக்கு வைக்கிற அளவையே வையுங்கள். கேமராவை மேனுவலில், அதாவது அளவுகளை நாமே வைக்கும் முறையில், வைத்து எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100. நான் எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 1/400 என்று வைப்பேன். வெளிச்சக் கணக்கு ஒன்றுதான், ஆனால் கை ஆட்டம் குறையும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், நிலாவைப் பெரிதாக்கி, அதன் ஓரம் கத்திபோலத் தெரியும்வரை ஃபோகஸைக் கையால் திருப்புங்கள். டிரைபாடில் வைத்து 2 நொடி டைமர் போட்டால் போதும்.

லென்ஸ் எவ்வளவு நீளம் வேண்டும்? லென்ஸின் குவிய நீளத்தை (அதில் போட்டிருக்கும் மில்லிமீட்டரை) 110ஆல் வகுத்துப் பாருங்கள், சென்சாரில் நிலா விழும் அளவு கிடைக்கும். 55 மி.மீ. லென்ஸில் அரை மில்லிமீட்டர்தான். 300 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 2.7 மி.மீ., நறுக்கிப் பெரிதாக்க அது தாங்கும்.

அப்புறம் முக்கியமான விஷயம், நாள். பௌர்ணமி அன்று சூரிய ஒளி நமக்குப் பின்னாலிருந்து நேராக நிலாவின் முகத்தில் விழுகிறது. கல்யாண மண்டபத்தில் மணப்பெண் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும் அல்லவா? அதேதான் இங்கேயும். நிழல் இல்லாததால் பள்ளமும் தெரியாது, மேடும் தெரியாது. வளர்பிறை அஷ்டமியில் எடுத்துப் பாருங்கள். ஒளி பக்கவாட்டில் விழும், இருளும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். தசமி வாக்கில், 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளம் அந்தக் கோட்டருகே வரும். அதன் சுவர் நிழலை முதன்முதலில் என் கேமராத் திரையில் பார்த்த இரவு, சாப்பிடக் கூட இறங்காமல் மொட்டை மாடியிலேயே இருந்தேன். அரை நிலா பௌர்ணமியைவிட மங்கல் என்பதால், எஃப் 8, ஐஎஸ்ஓ 200 அப்படியே இருக்க, ஷட்டரை மட்டும் 1/400இலிருந்து 1/100க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பிறை எடுக்க ஆசைப்படுபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பிறை மெல்லியதாக இருக்கிறது என்றால் சூரியன் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் கண் வைத்து தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸால் மேற்கு வானத்தைத் துழாவும்போது சூரியன் ஒரு கணம் உள்ளே வந்தாலும் விழித்திரை கருகலாம். அங்கே வலி நரம்பு கிடையாது என்பதால் அந்த நேரத்தில் ஒன்றும் உறைக்காது. சூரியன் முழுதாக மறைந்த பிறகே லென்ஸை அந்தப் பக்கம் திருப்புங்கள். விடிகாலைத் தேய்பிறைக்கு இன்னும் கவனம் வேண்டும், அங்கே சூரியன் மேலே வந்துகொண்டிருக்கும். உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக மொபைலில் அலாரம் வைத்து, அடித்ததும் லென்ஸை மூடிவிடுங்கள்.