400 வோல்ட் சப்ளை, பிளேட்டில் 700 வோல்ட்: ஹைசிங் பண்பேற்றம்

"சப்ளை 400 வோல்ட்தான். பேசும்போது மட்டும் பிளேட்டில் 700 வோல்ட் வரை ஏறுகிறதே, எங்கிருந்து?" என்று வால்வு (வெற்றிடக் குழாய்) வானொலி ஒலிபரப்பியைப் பற்றி ஒரு வாசகர் கேட்கிறார். பிளேட் என்பது வால்வில் மின்னோட்டம் வந்து சேரும் முனை. சோக்கிலிருந்து, அதாவது இரும்பின் மேல் சுற்றிய கம்பிச்சுருளிலிருந்து.

குரலைச் சுமக்கும் ஊர்தி அலையை ஆசிலேட்டர் உண்டாக்குவதும் கடைசி வால்வு அதைப் பெருக்குவதும் தெரிந்த கதை. அந்த வால்வு சி வகுப்பில் (அலையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மின்னோட்டம் பாயும் முறை), கிரிட் எனும் கட்டுப்பாட்டு வலைக்குப் போதிய டிரைவுடன் ஓடினால் வெளிவரும் அலையின் வீச்சு பிளேட் மின்னழுத்தத்தையே பின்பற்றும். ஆக, அந்த மின்னழுத்தத்தைக் குரலுக்கேற்ப ஆட்டினால் போதும், அலையின் வீச்சில் குரல் ஏறிவிடும். அதுதான் பண்பேற்றம்.

அமெரிக்கப் பொறியாளர் ரேமண்ட் ஹைசிங்கின் சுற்று அதைத்தான் செய்கிறது. முதல் உலகப்போர்க் கால அமெரிக்க விமான வானொலிகளில் இருந்தது இதுவே. குரலைப் பெருக்கும் வால்வுக்கும் ஊர்தி அலை வால்வுக்கும் ஒரே சோக் வழியாக மின்சாரம் போகும். 30 ஹென்றி சோக், 100 ஹெர்ட்ஸிலேயே சுமார் 19,000 ஓம் எதிர்ப்புக் காட்டும். குரலின் வேகத்துக்குத் தன் மின்னோட்டம் மாற அது விடாது.

கணக்கைப் பாருங்கள். குரல் வால்வு 6எல்6ஜிசி: 400 வோல்ட், 55 மில்லியாம்பியர். ஊர்தி வால்வு 6வி6: 300 வோல்ட், 40. மொத்தம் 95. குரல் வால்வு 15 மில்லியாம்பியருக்கு இறங்கினால் மிச்சம் 80-ம் 6வி6-க்குத்தான் போயாக வேண்டும். அதைத் தள்ள, காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றலைச் சோக் மின்னழுத்தமாகத் திருப்பித் தருகிறது: குரல் வால்வின் பிளேட் 700-க்கும் ஊர்தி வால்வு 600-க்கும் எழும்பும். 12 வாட் உள்ளீடு அந்தக் கணத்தில் 48 வாட். மறுபாதியில் குரல் வால்வு 95-ஐயும் விழுங்கும். ஊர்தி வால்வுக்குச் சுழி. பாடநூல்கள் பண்பேற்றத்தை ஒரு சைன் சூத்திரத்தோடு முடித்துக்கொண்டு இந்த அழகை விட்டுவிடுகின்றன.

ஊர்தி வால்வுக்கு மட்டும் ஏன் 300? குரல் வால்வின் பிளேட் சுழிவரை இறங்காது, 100-இலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் 400 கொடுத்தால் பண்பேற்றம் 75 சதவீதத்தைத் தாண்டாது. எனவே ஊர்தி வால்வின் வழியில் 2,500 ஓம், 10 வாட் வயர்வுண்ட் மின்தடை ஒன்று, அதற்கு இணையாக 4 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். கெபாசிட்டரை விட்டுவிட்டால் குரலின் ஒரு பங்கை மின்தடை தின்றுவிடும். 6வி6-இன் ஸ்கிரீனுக்கும் (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே உள்ள இன்னொரு வலை) இந்த ஆடும் மின்னழுத்தத்திலிருந்தே, தனி மின்தடை வழியாகக் கொடுக்க வேண்டும்.

சோக்கின் இரும்பில் காற்றிடைவெளி கட்டாயம். இல்லையென்றால் 95 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டத்தில் இரும்பு நிறைவுற்று, ஹென்றி சரிந்து, கீழ்க்குரல் போய்விடும். குரல் மந்தமாகக் கேட்டால் ஊர்தி வால்வின் ஆர்.எஃப். பைபாஸ் கெபாசிட்டரை (வானொலி அதிர்வெண்ணைத் தரைக்கு விடுவது) பாருங்கள். 0.001 மைக்ரோஃபாரட் போதும், 0.01 போட்டால் 5 கிலோஹெர்ட்ஸில் அது வெறும் 3,200 ஓம், 6வி6-இன் 7,500 ஓமுக்கு (300 வோல்ட்டை 40 மில்லியாம்பியரால் வகுத்தது) முன்னால் மேல்சுருதியில் பெரும்பகுதி அதன் வழியே தரைக்கு ஓடிவிடும்.