உச்சி வெயிலில் வரும் வெள்ளம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அருவி வெள்ளத்தில் சிக்கி எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டவருக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் தேய்த்த நல்லெண்ணெய் இன்னும் முழுதாகப் போகவில்லை. கால்சட்டைப் பையில் ஒரு சீயக்காய்ப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஊறிக் கிடந்தது. முக்கால் மணி நேரம் முயன்றோம்; பயனில்லை. அவருடைய மனைவி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “மழையே இல்லையே டாக்டர், வெயில்லா அடிச்சுது.”

இதே வார்த்தைகளை வெவ்வேறு குடும்பங்களின் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டுவிட்டேன் என்று கணக்கு வைத்திருக்கவில்லை. மலையும் கடலும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் வாய்த்திருக்கும் நம் நெல்லைச் சீமையில், ஆனி, ஆடியில் சாரலுக்குக் குற்றாலம், ஐப்பசி, கார்த்திகையில் மணிமுத்தாறு, தை பிறந்தபின் உவரிக் கடற்கரை என்று ஆண்டு முழுவதும் வெளியே கிளம்ப ஓர் இடம் இருந்துகொண்டேயிருக்கிறது. நானும் கிளம்புகிறவன்தான், யாரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்ல வரவில்லை. ஆனால் தலைக்கு மேலிருக்கும் வானத்தைப் பார்த்துக் காலடியிலிருக்கும் தண்ணீரை எடைபோடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறேன்.

அருவியில் நம் தலைமேல் விழும் தண்ணீர் நாம் நிற்கும் இடத்தில் பெய்த மழையன்று. திரிகூடமலையின் மேல்மடிப்புகளில், கீழிருந்து கண்ணுக்கே தெரியாத சரிவுகளில் பெய்தது அது. மேலே அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும்போது கீழே கடைத்தெருவில் வெயில் காயலாம், பலாச்சுளை வியாபாரம் நடக்கலாம், குழந்தைகள் பஞ்சுமிட்டாய் கேட்டு அழலாம். மரமும் மண்ணும் குடித்தது போக மிஞ்சும் தண்ணீர், செங்குத்தான பாறைகளின் வழியே சிற்றாற்றுக்கு இறங்கிவர வெகுநேரம் எடுத்துக்கொள்வதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது இதுதான். நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது சாரல் பருவம்கூட அல்ல, கோடை மழைக்காலம். ‘இன்னும் சீசனே தொடங்கவில்லை, தண்ணீர் எங்கே வரப்போகிறது’ என்று பலரும் காட்டும் அலட்சியத்தால் மே மாதத்துக்குத்தான் நான் ஜூலையைவிட அதிகமாகப் பயப்படுகிறேன்.

மணிமுத்தாற்றுக்கும் இதே கதைதான். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர்கள் காலையில் நாளிதழைப் பிரித்தால் முதலில் பார்ப்பது மணிமுத்தாற்றுக்கு மேலுள்ள மலைப்பகுதிகளான ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலையின் மழையளவைத்தான். பாசனத்துக்காகப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், அந்த நான்கு எண்களைத் தெரிந்துகொண்டு மலையேறும் சுற்றுலாப் பயணியை நான் இதுவரை சந்திக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஊத்திலும் நாலுமுக்கிலும் பெய்தது என்றால், கல்லிடைக்குறிச்சியில் தூறல்கூட இல்லாவிட்டாலும் மணிமுத்தாறு அருவியில் வனத்துறை தடை போட்டிருக்கும். தடை போட்ட வனக்காவலரிடம் “வெயில் அடிக்குதே, ஏன் விடமாட்டேங்கிறீங்க?” என்று சண்டை பிடிக்கிறவர்கள், காட்டுப்பாதையில் சுற்றிக்கொண்டு வேறோர் ஓடையில் இறங்குகிறவர்கள், குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போது அதன் எதிரில் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் ஆகிய மூவரும் எனக்கு ஒரே வகையினர்தான்.

“எனக்கு நீச்சல் தெரியும், தாமிரபரணியில் வளர்ந்தவன்” என்பார்கள். அருவியில் யார் நீந்துகிறார்கள்? வெள்ளத்தோடு வரும் கட்டையும் கல்லும் முதலில் மண்டையை உடைக்கின்றன. நான் பார்த்தவர்களில் பலருக்கு நுரையீரலுக்குள் தண்ணீர் போவதற்கு முன்பே விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன.

கடலுக்கு வருவோம். அதே 2024 மே மாதம் 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை கொண்டுபோனது. மருத்துவம் படித்த பிள்ளைகள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது: கள்ளனைப்போல் வரும் கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் பலத்த காற்று எழுப்பிவிடும் நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கரையேறுகின்றன. ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து, நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. கூத்தங்குழியிலும் இடிந்தகரையிலும் வள்ளங்கள் கரையேற்றப்பட்டுக் கிடந்தால், நீங்களும் இறங்கக்கூடாது. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சும்மா இருக்கும் நாளில், வெளியூர்க்காரர் முழங்கால் வரை நனைப்பதற்கு என்ன அவசியம்? என்னிடம் சிகிச்சைக்கு வரும் உவரி மீனவர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வருகிறது: “ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவுல மட்டும் அமைதியா இருக்கும். எல்லாரும் அங்கதான் இறங்குவாங்க சார். அதுதான் உள்ள இழுக்கிற இடம்.” சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள்.

மருத்துவன் என்ற முறையில் ஒரு குமுறலையும் இறக்கி வைத்துவிடுகிறேன். கரையேற்றியவரின் வயிற்றை அமுக்காதீர்கள், கவிழ்த்துப் போடாதீர்கள், தோளில் தூக்கிச் சுற்றாதீர்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை கிடைத்த விலைமதிப்பில்லாத முதல் சில நிமிடங்கள் வயிற்றை அமுக்குவதிலேயே போயிருக்கின்றன. வயிற்றிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பார்த்துச் சுற்றிலும் கைதட்டினார்களாம். அது வயிற்றுத் தண்ணீர். உணவோடு சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம்தான் மிச்சம். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பின்பு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று, 108 வண்டி வந்து சேரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். உயிர் தப்பி எழுந்து உட்கார்ந்துவிட்டவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் தொடங்கலாம்.

குளிக்கும்போது காதையும் கண்ணையும் மேலேயே வைத்திருங்கள். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், அருவியின் சத்தம் தடித்தாலும், செருப்பையும் சோப்புப் பெட்டியையும் தேடிக்கொண்டு நிற்காமல் மேடேறுங்கள். குடித்திருந்தால் இறங்காதீர்கள், இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை. ஆழம் தெரியாத தடாகத்தில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தவர்களில் பலர் உயிரோடிருந்தும் எழுந்து நடக்கப்போவதில்லை என்பதைப் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மணிமுத்தாறு போகலாமா என்று என் மைத்துனர் நேற்றிரவு தொலைபேசியில் கேட்டார். வானம் வெளுத்துத்தான் இருக்கிறது அத்தான் என்றார். சனிக்கிழமை ராத்திரி ஊத்தில் எவ்வளவு பெய்தது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.