மறுவாழ்வு: சொல் விளக்கம்

மலேசியாவில், கெடாவின் பீடோங் பக்கம் ‘ரிஹேப்’ என்றால் அது ஓர் இடம். “அவன ரிஹேப்ல போட்டுட்டாங்க” என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் இன்னமும் ‘செரெந்தி’ என்கிறார்கள். போதைப்பொருள் பழக்கத்துக்கான அரசு மையங்களுக்கு முன்பு ‘பூசாட் செரெந்தி’ என்றுதான் பெயர். நம் நாளேடுகள் ‘புனர்வாழ்வு மையம்’ என்று எழுதும். தமிழ்நாட்டு வழக்கில் ‘மறுவாழ்வு மையம்’. பெயர் எதுவானாலும் பின்னால் ‘போடுவது’ என்ற வினை வந்து ஒட்டிக்கொள்கிறது: ஆளைக் கூட்டிப்போய் ஓரிடத்தில் போட்டுவிட்டு வருவது. அப்படிப் போட முடியாதவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். கைப்பிள்ளை வைத்திருக்கும் பெண்கள், ஒரு வாரச் சம்பளம் நின்றால் வீட்டு வாடகை நின்றுபோகும் குடும்பங்கள். அவர்களுக்காகவே இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ஹபிலிஸ்’ என்றால் தகுதியான, இயலக்கூடிய என்று பொருள். அதன்முன் ‘ரீ’ சேர்ந்து, ஒருவர் இழந்த பதவியையும் உரிமையையும் நற்பெயரையும் அவருக்குத் திருப்பித் தருவதை இடைக்காலத்தில் குறித்தது. முதல் உலகப் போரில் கைகால் இழந்து திரும்பிய வீரர்களை மீண்டும் வேலைக்குத் தயார் செய்த காலத்தில் மருத்துவத்தில் பரவலானது. கைதிகளும் போதைக்கு ஆளானவர்களும் அப்புறம்தான் வருகிறார்கள். ஆக, மதில் சுவரும் வாயிற்கதவும் இந்தச் சொல்லின் பிறப்பிலேயே இல்லை.

மலாயில் ‘பெமுலிஹான்’. ‘பூலே’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல், தேறுதல். இதே சொல்லைத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள் எல்லாரும் வேறு இடத்தில் கேட்டிருப்பார்கள். எழுத்திலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு ‘பெமுலிஹான்’ வகுப்பு உண்டு, தமிழில் குறைநீக்கல் என்போம். அந்தப் பிள்ளையை யாரும் ஊரைவிட்டு அனுப்புவதில்லை. அதே பள்ளிக்கூடம், அதே சீருடை. சில பாடவேளைக்கு மட்டும் வேறு அறைக்குப் போய், உட்கார்ந்து படித்துவிட்டுத் தன் வகுப்புக்கே திரும்பி வரும். சொல்லின் உண்மையான பொருளை நம் ஊரில் சரியாகச் செய்துகாட்டுவது அந்த வகுப்புதான்.

இனி, யாருக்கு இந்த மறுவாழ்வு என்ற கேள்வி. போதைக்கு ‘அடிமை’ என்கிறோம். ஆங்கிலத்தின் ‘அடிக்ட்’ என்ற சொல்லும் அடிமைச் சந்தைக்குப் பக்கத்திலிருந்து வந்ததுதான். கடனைக் கட்ட முடியாதவனை உரோமானிய நீதிமன்றம் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைக்கும்; அப்படி ஒப்படைக்கப்பட்டவன் பெயர் ‘அடிக்டஸ்’. மலாயில் ‘பெனாகே’ என்பார்கள், அதே ‘தாகே’ கடனைக் கேட்டு நெருக்குவதையும் குறிக்கும். முன்பணம் வாங்கிக் கடனோடு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடனில் மாட்டியவனைப் பார்த்து, “அவனுக்குக் குணம் சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர நமக்கு மனம் வரக்கூடாது. ‘போதைப்பித்தர்’ என்று நாளேடுகளில் வருவதும் எனக்கு உறுத்துகிறது. ‘குடிநோய்’, ‘குடிநோயாளி’ என்ற சொற்கள் தமிழ்நாட்டில் நன்றாகவே புழங்குகின்றன. அவற்றை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தடை?

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘புனர்’ வடமொழி, ‘மறு’ தமிழ்; இரண்டுக்கும் ‘மீண்டும்’ என்பதே பொருள். மறுநாள், மறுபிறவி, கல்யாணம் முடிந்து போகும் மறுவீடு என்று நாக்கில் பழகிய சொல் என்பதால் ‘மறுவாழ்வு’ பொருத்தம்தான். ஆனால் பெண்ணைப் பற்றிப் பேசும்போது அது தடம் மாறிவிடுகிறது. ‘அவளுக்கு மறுவாழ்வு கொடுத்தான்’ என்றால் நம் காதில் விழுவது இரண்டாம் கல்யாணம். ‘வாழ்க்கைப்படுவது’, ‘வாழாவெட்டி’ என்று பெண்ணின் வாழ்வையே கணவன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய மொழி இது. ஆணுக்கு மறுவாழ்வு என்றால் குடியை விட்டான் என்று புரிகிறது. குடிக்கிற பெண்ணுக்கோ சொல்லும் இல்லை, இடமும் இல்லை.

எங்கள் வீட்டு வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார். சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்குவார். உடம்பு வலிக்கு என்று தொடங்கிய சம்சு என்ற மலிவுச் சாராயம், இப்போது அரிசி டின்னுக்குள் புதைந்த சின்ன பாட்டிலாக இருக்கிறது. பாட்டிலை எடுத்து, அதன்மேல் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டு என்னிடம் காட்டியவர் அவரேதான். “உள்ள போய் மூணு மாசம் இருந்தா சின்னவன யாரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவா, சொல்லு தம்பி?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே அளவு குடித்தாலும் பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் இரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். கல்லீரலும் ஆண்களைவிடச் சீக்கிரம் கெடும். சிகிச்சை முதலில் தேவைப்படுபவர் கடைசி வரிசையில் நிற்கிறார்.

போதைப்பொருளுக்கு ஆளானவர்களின் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டம், மையத்தில் 2 ஆண்டு, வெளியே வந்தபின் கண்காணிப்பில் 2 ஆண்டு என்ற கணக்கில் எழுதப்பட்டது. மது அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. குடிப்பவர்களுக்குத் தனியார் இல்லங்கள்தான், அங்கே மாதக் கட்டணம். வேலைச் சட்டத்தில் மருத்துவமனையில் படுக்க ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2 ஆண்டுக்கு என்ன விடுப்பு எழுதுவது? பெண்களுக்கான அரசு மையம் என்றால் கிளந்தானின் பாச்சோக். இங்கிருந்து கிரிக் மலைப்பாதை ஏறி இறங்கி அடுத்த கடற்கரைக்குப் போக வேண்டும். தாயைப் பார்க்கப் பிள்ளைகளை யார் அத்தனை தூரம் கூட்டிப்போவார்கள்?

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1947இல் இதே பீடோங் வட்டாரத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. அன்று கள்ளுக்கடை ரப்பர் தோட்டத்துக்குள்ளேயே, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. குடி நம் வாசலுக்கு வந்தது. அதிலிருந்து மீள்வதற்கு மட்டும் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டுப் போ என்றால் அது நியாயமில்லை.

தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் பெண்கள் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு வந்து ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் பால் வெட்ட முடிந்தது அந்தக் கொட்டகையால்தான். பெண்ணின் உழைப்பு வேண்டும் என்றபோது பிள்ளையைப் பார்க்க வழி பிறந்தது. பெண்ணின் உடல்நலத்துக்கும் அதே வழி பிறக்கட்டும். சிகிச்சை நடக்கும் இடத்தில் ஓர் அறை, ஓர் ஆயா, நாலு பாய். இவ்வளவு போதும் தொடங்குவதற்கு.

வீட்டிலிருந்தபடியே தேற முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் மெத்தடோனைப் பார்க்கலாம். ஹெராயின் பழக்கத்துக்கான இந்த மருந்து 2005இல் இந்நாட்டில் தொடங்கியது. சுகாதாரக் கிளினிக்கில் மருந்தைக் குடித்துவிட்டு ஆள் நேரே வேலைக்குப் போகலாம். 2010 முதல், தாமாக வருகிறவர்களுக்கு ‘கியூர் அண்ட் கேர்’ கிளினிக்குகளும் வந்தன. ஷாபு என்ற ‘ஐஸ்’ போதைப்பொருளுக்கு அப்படி மாற்று மருந்து இல்லை. அதற்கு ஆலோசனையும் குழுவும்தான். அவற்றை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வைத்தால் ஷிப்டில் இருப்பவர்களால் வர முடியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலில் கயிறு கட்டி நிறுத்தினாலும் சரி, அந்த நாட்களுக்கு மருத்துவர் வேண்டும்.

குடும்பத்தையும் சேர்த்தே பார்ப்பது புதிய யோசனையும் அல்ல. சென்னையில் 1980இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். அங்கே நோயாளியோடு வீட்டாருக்கும் சிகிச்சையில் பங்குண்டு.

அப்படியானால் தகுந்த தமிழ்ச் சொல் எது? என் கணிப்பில் ஒன்று போதாது. முதல் நாட்களின் மருத்துவத்துக்குச் ‘சிகிச்சை’. பழக்கத்திலிருந்து ஆள் வெளியே வருவதற்கு ‘மீட்சி’. பஜாக் கடையில் வைத்த நகையை மீட்கிறோமே, அந்த ‘மீள்’ என்ற வேர்தான், ஆனால் மீட்சியில் மீள்பவர் தாமே மீள்கிறார். வேலை, பிள்ளை, பெயர் எல்லாம் திரும்பக் கிடைக்கும் காலத்துக்கு ‘மறுவாழ்வு’, அது வீட்டார் எல்லாருக்கும் சேர்த்து. ‘மையம்’ என்பதை ஒவ்வொரு முறையும் ஒட்ட வேண்டியதில்லை.

கோயில் பலகையில் எழுதுவதானால், “குடியிலிருந்து மீள்வோர் சந்திப்பு, ஞாயிறு மாலை, பெண்களுக்குத் தனி அறை, பிள்ளைகளை அழைத்து வரலாம்” என்று எழுதலாம். நேரத்தை மட்டும் ஃபேக்டரி பஸ் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.